முத்துப்பாரிற் கிடைத்த கடற்பஞ்சு

மன்னார்க் கடலைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் முத்தைப் பற்றியே எழுதினர். அதில் வியப்பில்லை. கொற்கை முத்தும் மாந்தைத் துறையும் தமிழர் நினைவில் நெடுங்காலம் நிலைத்தவை. யவனரும் அராபியரும், பின்னர்ப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இக்கடலை நாடி வந்தமைக்கு முத்தே ஒரு பெருங் காரணம். முத்துக்குளிப்பை மேற்பார்ப்பதற்கென்றே தேசாதிபதி பிரெடரிக் நோர்த் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிப்பிற் கட்டிய மாளிகை இன்று இடிந்து கடலை நோக்கி நிற்கின்றது. ஆயினும், நேயர்களே, இன்றைய பேச்சு முத்தைப் பற்றியதன்று. முத்தைத் தேடியவர்கள் பெறுமதியற்றதென்று ஒதுக்கிவிட்ட ஒரு பொருளைப் பற்றியது.

அப்பொருள் கடற்பஞ்சு. மன்னார் வளைகுடாவின் பார்களிலே சிப்பியோடு சிப்பியாக ஒட்டிக் கிடப்பது. பார்வைக்குச் செடிபோலத் தோன்றினும் அது விலங்கினத்தைச் சேர்ந்தது. வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை. உடலெங்கும் உள்ள நுண்ணிய துளைகளால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள இரையை வடித்துக்கொண்டு, எஞ்சிய நீரை வெளியே விடுவதே அதன் வாழ்க்கை. முத்துக்குத்தகைக்காரரின் கண்ணுக்கு அது ஒரு தொல்லை. சில வேளைகளிற் பகையும் ஆகும். முத்துச்சிப்பியின் ஓட்டைத் துளைத்துச் சல்லடையாக்கும் ஒரு கடற்பஞ்சு இனமும் இப்பார்களில் உண்டு. அதற்கு அறிஞர் இட்ட இலத்தீன் பெயரிலேயே முத்துச்சிப்பியின் பெயர் சேர்ந்திருக்கின்றது.

இவ்வாறு ஒதுக்கப்பட்டதை எடுத்துப் பார்த்தவர் மிகச் சிலர். பம்பாயிலே கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராயிருந்து ஓய்வுபெற்ற ஹென்றி ஜோன் கார்ட்டர் அவர்களுள் ஒருவர். மன்னார் வளைகுடாவின் அடியிலிருந்து வாரியெடுத்து லிவர்பூல் நகரப் பொருட்காட்சிச்சாலைக்குக் கப்பற்றலைவர் ஒருவர் அளித்த பொருள்களை ஆராய்ந்து, கார்ட்டர் 1880 இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மற்றவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியாவின் சாதிகளையும் குலங்களையும் பற்றிய பெருந்தொகுதிகளால் இவர் பெயர் நம்மவருக்குத் தெரியும். மனிதரை அளப்பதற்கு முன்னர் இவர் கடலுயிர்களைச் சேர்த்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையின் தலைவராயிருந்த தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவிற் சேர்த்த கடற்பஞ்சுகளைப் பொதிசெய்து, ஆர்தர் டெண்டி என்னும் இளம் விலங்கியலறிஞருக்கு அனுப்பினார். டெண்டிக்கு அப்பொழுது இருபத்துநான்கு வயதளவு. 1889 இல் வெளிவந்த அவருடைய அறிக்கையிலே புதிய இனமொன்று விவரிக்கப்பட்டது. மூத்தவராகிய கார்ட்டரின் பெயரை அதற்குச் சூட்டி, ‘அக்கந்தெல்லா கார்ட்டெரி’ என அழைத்தார். செம்மஞ்சள் நிறமும் கரடுமுரடான மடல்களும் உடையது இது. பிற்காலத்தார் இதனை ‘அக்சினெல்லா’ என்றும், பின்னர் ‘ஸ்டைலிசா’ என்றும் வேறு குடும்பப் பெயர்களின்கீழ் மாற்றிவைத்தனர். ‘கார்ட்டெரி’ மட்டும் மாறவில்லை.

கார்ட்டர், தர்ஸ்டன், டெண்டி என்று மூவர் பெயரையும் சொல்லிவிட்டோம். அம்மாதிரிகளைக் கடலடியினின்று மேலே கொண்டுவந்த கைகள் யாருடையவை? குளியாளின் பெயரை எழுதும் வழக்கம் அக்கால அறிக்கைகளில் இல்லை. சம்மாட்டியின் பெயராவது கணக்குப் புத்தகத்தில் ஏறும். கல்லைக் காலிற் கட்டி இறங்கியவன் பெயர் எங்கும் ஏறாது.

1891 க்குப் பின்னர் இலங்கைப் பார்களில் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. சிப்பி விளைவதும் மறைவதும் அக்கடலில் என்றும் உள்ள புதிர். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக வருவாய் இழந்த அரசாங்கம் காரணத்தைக் கண்டறியுமாறு லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனை அழைத்தது. அவர் 1902 இன் தொடக்கத்தில் வந்து பார்களை ஆராய்ந்து திரும்பினார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக இலண்டன் அரச கழகம் வெளியிட்ட அறிக்கை அம்முயற்சியின் பயன். முத்தைப் பற்றிக் கேட்ட அரசாங்கத்துக்குக் கடலிலுள்ள உயிர்கள் அனைத்தையும் பற்றிய நூலொன்று கிடைத்தது! கடற்பஞ்சுகளைப் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பு மீண்டும் டெண்டியிடமே வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட இனங்களை அவர் அதில் விவரித்தார். முத்துச்சிப்பியைத் துளைக்கும் இனத்துக்குப் பெயரிட்டதும் அதிலேதான்.

முத்தின் கதை அதன்பின் விரைவாக முடிந்தது. 1905 இல் மரிச்சுக்கட்டிப் பாசறையில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் குவிந்தன. அந்தச் செழிப்பைக் கண்டு 1906 இல் ஆங்கிலக் கம்பெனியொன்று பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. சில ஆண்டுகளில் சிப்பி மறைந்தது. 1912 அளவிற் கம்பெனியும் மறைந்தது. அறிக்கையின் ஐந்து பாகங்களும் நூலகங்களில் உறங்கின. அவற்றுள்ளே நமது செம்மஞ்சட் கடற்பஞ்சின் உறவினங்களும் உறங்கின.

அவ்வுறக்கத்தைக் கலைத்த செய்தி வந்தது கடலிலிருந்தன்று, முயலின் தசையிலிருந்து. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே எட்வின் கிரெப்சு, எட்மண்ட் பிஷர் என்னும் இருவர், தசை தன் சேமிப்பிலுள்ள மாப்பொருளை உடைத்து வலுப்பெறும் வகையை 1950 களில் ஆராய்ந்தனர். உடைக்கும் வேலையைச் செய்வது ஒரு நொதியம். அது ஒரு வேளை உறங்குகின்றது. ஒரு வேளை விழித்திருக்கின்றது. முன்னோர் சொன்ன முறைப்படி தசைச்சாற்றை வடிதாளில் வடித்தபோது விழித்த நொதியம் கிடைத்தது. வடிதாளை விட்டுச் சுழற்றித் தெளியவைத்தபோது உறங்கும் நொதியமே கிடைத்தது. வடிதாளிற் கலந்திருந்த சிறிதளவு கல்சியமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்று கண்டார்கள். அதைப் பின்பற்றிச் சென்றதில் 1955 இல் உண்மை வெளிப்பட்டது. உறங்கும் நொதியத்தின்மேல் வேறொரு நொதியம் ஒரு பொசுபேற்றை ஒட்டுகின்றது. ஒட்டியவுடன் அது விழிக்கின்றது. இவ்வாறு பொசுபேற்றை ஒட்டும் நொதியத்துக்குப் புரதக் கைனேசு என்று பெயர். அசைப்பது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. ஒட்டியதைக் கழற்றுவதற்கு வேறு நொதியங்கள் உள்ளன. 1992 இல் இவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

முத்துக்குளிக்கும் தோணியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே குளியாள் இருக்கின்றான். மேலே கயிறு பிடிப்பவன் இருக்கின்றான். கீழிருந்து ஓர் இழுப்பு வந்தால் மேலிருப்பவன் தூக்குகின்றான். அந்த இழுப்பு முத்துமன்று, சிப்பியுமன்று, வெறும் குறி. பொசுபேற்றும் அத்தகைய குறியே. கலத்தின் வெளித்தோலிற் பட்ட ஒரு செய்தியை ஒரு கைனேசு அடுத்த கைனேசுக்கும், அது அதற்கடுத்ததற்கும் இவ்வாறு இழுத்துச் சொல்கின்றது. மனித உடலில் இத்தகைய புரதக் கைனேசுகள் 518 என 2002 இல் எண்ணிக் கூறினர். பஞ்சுகளிலும் இவை நூற்றுக்கணக்காக உள்ளன என்பது கடற்பஞ்சொன்றின் பரம்பரைப் பொருள் முழுவதும் 2010 இல் வாசித்து வெளியிடப்பட்டபோது தெளிவாயிற்று. நரம்பே இல்லாத விலங்குக்கும் இந்தக் கயிற்றுக் குறிகள் தேவைப்படுகின்றன.

இனி, கலத்தின் கருவுக்குள் இருக்கும் பரம்பரையலகுகளுக்கு இச்செய்தி எப்படி எட்டுகின்றது? எடுத்துக்காட்டாக ஒன்றைச் சொல்வேன். பரம்பரையலகுகளை எழுப்பும் புரதமொன்றை, ரஞ்சன் சென் என்பாரும் டேவிட் பால்ட்டிமோரும் 1986 இல் அமெரிக்காவிற் கண்டனர். ‘என்-எஃப்-கப்பா-பி’ என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு நேயர்கள் அஞ்ச வேண்டா. அது கருவுக்கு வெளியே மற்றொரு புரதத்தாற் கட்டுண்டு கிடக்கின்றது, நங்கூரமிட்ட தோணிபோல. நோய்க்கிருமி தாக்கிற்று என்னும் செய்தி வந்தவுடன் ஒரு கைனேசு அந்த நங்கூரத்தின்மேற் பொசுபேற்றை ஒட்டுகின்றது. குறிபெற்ற நங்கூரத்தைக் கலம் தானே சிதைத்துவிடுகின்றது. தோணி விடுபட்டுக் கருவுக்குட் செல்கின்றது. உறங்கிய பரம்பரையலகுகள் பல விழிக்கின்றன. வெண்குருதிக் கலங்களை அழைக்கும் செய்திப் புரதங்கள் உருவாகின்றன. வீக்கமும் சிவப்பும் காய்ச்சலும் இவ்வழியே எழுகின்றன.

மற்றொன்று மரணம். மரிச்சுக்கட்டிப் பாசறையின் மணத்தைப் பற்றி அங்கு சென்றவர் எல்லாரும் எழுதியிருக்கின்றனர். 1906 இல் அங்கே கடமையாற்றிய இளம் உத்தியோகத்தர் லியனாட் வூல்பும் அவருள் ஒருவர். முத்தை எடுப்பதற்காகச் சிப்பிகளைக் கொட்டுகளிலே குவித்து, ஏழெட்டு நாள் அழுகவிட்டு, ஈயும் புழுவும் தின்று தீர்த்தபின் கழுவுவர். கலம் வெடித்து, உள்ளிருப்பது சிதறி, பக்கத்திலுள்ளதையும் கெடுக்கும் மரணம் அது. உடலுக்குள்ளே நிகழும் மரணம் எல்லாம் இத்தகையதன்று. 1972 இல் ஜோன் கெர் என்னும் அவுஸ்திரேலிய நோயியலறிஞரும், ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வைலி, கறி என்னும் இருவரும், கலங்கள் சுருங்கி, சிறு பொதிகளாகப் பிரிந்து, அயற்கலங்களால் அரவமின்றி விழுங்கப்படும் ஒழுங்கான மரணமொன்றை எடுத்துக்காட்டினர். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அதற்குப் பெயராக இட்டனர். தவளைக் குஞ்சின் வால் மறைவதும், கருவிலுள்ள குழந்தையின் விரல்கள் தனித்தனியே பிரிவதும் இம்மரணத்தாலேயே. நுண்ணிய புழுவொன்றின் உடல் உருவாகும்போது தோன்றும் 1090 கலங்களுள் 131 இவ்வாறே உதிர்கின்றன; ஒவ்வொரு புழுவிலும் அதே கலங்கள்.

இந்த உதிர்வுக்கும் கைனேசுகளே பெரும்பாலும் காவலர். வளர்ச்சிச் செய்தி வந்துகொண்டிருக்கும் வரையில் ஒரு கைனேசு, மரணத்தைத் தூண்டும் புரதமொன்றின்மேற் பொசுபேற்றை ஒட்டி அதனைச் செயலற்றதாக்குகின்றது, கலம் வாழ்கின்றது. அதே கலத்தின் பரம்பரை இழை கதிர்ப்பட்டு அறுந்தால், வேறு கைனேசுகள் எழுந்து, முதலிற் கலப்பிரிவை நிறுத்துகின்றன. திருத்துவதற்கு அவகாசம் தருவது அது. திருத்த முடியாதெனின், மரணத்துக்கு வேண்டிய பரம்பரையலகுகளை எழுப்பும் புரதத்தின்மேற் பொசுபேற்றை ஒட்டி, உதிர்வைத் தொடக்குகின்றன. ஆகவே பொசுபேற்று வாழ்வின் குறி என்றோ சாவின் குறி என்றோ சொல்வதற்கில்லை. எந்தக் கயிற்றில் இழுப்பு வந்தது என்பதே கேள்வி. புற்றுநோய் என்பது பல வேளைகளில் இக்குறிகள் ஓயாமல் இழுபட்டுக்கொண்டிருப்பதால் வருவது. உதிரவேண்டிய இலை உதிராமல் நிற்பது.

இப்பொழுது கடற்பஞ்சுக்குத் திரும்புவோம். ஓடவும் முடியாத, ஓடும் இல்லாத இவ்வுயிர், மீன் தின்றுவிடாதபடி தன்னை இரசாயனத்தாற் காத்துக்கொள்கின்றது என்பது விலங்கியலார் கருத்து. 1980 களின் தொடக்கத்தில், நமது இனத்துக்கு உறவான கடற்பஞ்சுகளிலிருந்து, கடல்நீருக்கே உரிய புரோமீன் சேர்ந்த மஞ்சட் பொருளொன்று பிரித்தெடுக்கப்பட்டது. ‘ஹைமெனியல்டிசின்’ என்று பெயரிட்டனர். பின்னர் டெண்டியின் ‘கார்ட்டெரி’யிலும் அதே பொருள் இருப்பது தெரிந்தது. 1997 இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், மேலே கூறிய என்-எஃப்-கப்பா-பியின் செயலை இப்பொருள் தடுத்து, வெண்குருதிக் கலங்களை அழைக்கும் செய்திப் புரதமொன்று உருவாவதைக் குறைக்கின்றது எனக் காட்டினர். 2000 இல் பிரான்சின் றொஸ்கொவ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த லோறன் மெய்ஜெயும் அவர் கூட்டாளிகளும் இன்னும் நெருங்கிச் சென்றனர். கலப்பிரிவை நடத்தும் கைனேசுகளையும் வேறு சில கைனேசுகளையும் இது மிகச் சிறிய அளவிலேயே முடக்குவதைக் கண்டதோடு, கைனேசின் பளிங்குருவை எடுத்து, அது எங்கே அமர்கின்றது என்றும் காட்டினர். கைனேசு ஒட்டவேண்டிய பொசுபேற்றைத் தாங்கிவரும் பொருள் வந்து அமரும் குழியிலே, அதற்கு முன்னமே இது புகுந்து அமர்ந்துகொள்கின்றது. கயிறு இருக்கின்றது, ஆளும் இருக்கின்றான், அவன் கை நிற்கவேண்டிய இடத்தில் வேறொரு கை.

2001 இல் கனடாவில், புரோமீன் நீங்கிய இதன் உடன்பிறப்பை ஆராய்ந்தவர்கள், பரம்பரை இழை அறுந்தபோது கலப்பிரிவை நிறுத்தும் இரண்டு கைனேசுகளை அது முடக்குகின்றது எனக் கண்டனர். திருத்துவதற்குரிய அவகாசம் கிடைக்காத கலம், அறுந்த இழையோடே பிரிந்து மடிகின்றது. கதிர்ச்சிகிச்சை பெறும் புற்றுக்கலத்துக்கு அது நேர்ந்தால் நன்மை. நல்ல கலத்துக்கு நேர்ந்தால்?

இக்கேள்விதான் கடற்பஞ்சுப் பொருளை மருந்துக் கடைக்கு வரவிடாமற் செய்தது என்று கருதுகின்றேன். ஒரு கைனேசை மட்டும் முடக்கினால் அது மருந்து. பலவற்றை ஒருங்கே முடக்கினால் நஞ்சுக்கும் அதற்கும் தொலைவு குறைவு. வெண்குருதிப் புற்றுக்கு 2001 இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற ‘இமாட்டினிப்’ தெரிந்தெடுத்த ஒருசில கைனேசுகளையே பற்றுவது. ஆய்வுகூடத்திற் பிறந்தது, கடலிலன்று. அம்மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 இல் மறுத்ததும், 2013 ஏப்ரல் முதலாம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை நிலைநிறுத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். கைனேசு என்னும் சொல்லை அறியாத ஏழை நோயாளர் ஆயிரமாயிரம் பேருடைய உயிர் அவ்வழக்கிற் தொங்கிற்று. ஹைமெனியல்டிசினுக்கோ அத்தகைய வழக்கு எழவில்லை. அது ஆராய்ச்சியாளரின் கருவியாக நின்றது. எந்தக் கயிறு எதனை இழுக்கின்றது என்று அறிய, ஒன்றை முடக்கிப் பார்க்க உதவும் கருவி. 1990 களிலேயே இரசாயனவியலார் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கக் கற்றுக்கொண்டமையால், அதற்காகக் கடலை வாரவேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

கடலை வாருவது வேறு காரணத்தால் நடந்தது. இழுவைப் படகின் வலை இறாலைத் தேடி அடித்தளத்தை உரசிச் செல்லும்போது, சங்கும் பாசியும் பவளக்கிளையும் கடற்பஞ்சும் அதனோடு பெயர்ந்து வருகின்றன. வலையைக் கொட்டித் தெரிந்தபின் எஞ்சுவது மீண்டும் கடலில் எறியப்படுகின்றது. பெயர்ந்த பஞ்சு திரும்பப் பற்றி வளர்வது அரிது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் சிறுவலை போடும் மீனவர் இதனை நெடுங்காலமாக முறையிட்டு வந்தனர். அவர்கள் முறையிட்டது மீனுக்காகவும் அறுந்த வலைக்காகவுமே, பஞ்சுக்காக அன்று. 2017 இல் இலங்கைப் பாராளுமன்றம் அடித்தள இழுவை மீன்பிடியைச் சட்டத்தாற் தடைசெய்தது. அதன் பின்னரும் இழுவைப் படகுகள் எல்லையைக் கடந்து வருவது நின்றுவிடவில்லை. இருகரைத் தமிழ் மீனவரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்கும் வழக்கு அது.

டெண்டி 1889 இற் பெயரிட்ட அச்செம்மஞ்சள் இனம் மன்னாருக்கு மட்டும் உரியதன்று. செங்கடல் முதல் இந்தோனேசியக் கடல் வரை வேறு பல பார்களிலும் வாழ்கின்றது. ஆனால் அது முதன்முதற் பெயர்பெற்ற இடமென்று விலங்கியற் பதிவுகளில் இன்றும் எழுதியிருப்பது மன்னார் வளைகுடாவையே.